விஜிலாண்டி

நியாயஸ்தலத்தின் அனுமதியின்றித் தானே குற்றம் விசாரித்துத் தானே தண்டனையும் விதிப்பவனைக் குறிக்கும் ‘விஜிலாண்டி’ என்னும் ஆங்கில வழக்கு, ஸ்பானிய மொழியில் காவற்காரன் என்ற எளிய பொருளையும், அதற்கு மூலமான லத்தீனில் விழித்திருப்பவன் என்ற பொருளையுமே உடையதாயிருந்து, அமெரிக்காவில் குடியேறிய பின்னரே தூக்குக்கயிற்றோடு உறவு பூண்டது.

பொன்வேட்கையால் திடீரெனப் பெருகிய ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், 1851-ஆம் ஆண்டிலும் மறுபடி 1856-ஆம் ஆண்டிலும், வர்த்தகப் பிரமுகர்கள் ‘விஜிலன்ஸ் கமிட்டி’ என்னும் சங்கம் அமைத்து, அதிகாரிகள் ஊழலில் மூழ்கிவிட்டனர் என்று காரணங் காட்டி, ஒவ்வொரு முறையும் நால்வரைத் தூக்கிலிட்டனர். அக்காரணம் முற்றிலும் கற்பனையன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1856 மே மாதத்தில், பத்திரிகாசிரியர் ஒருவரைச் சுட்ட ஜேம்ஸ் கேஸியோடு, முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படாமையால் மறு விசாரணையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த சார்ல்ஸ் கோராவையும் சங்கத்தார் ஆயுதபலங் காட்டி வெளிக்கொணர்ந்து ஒரே நாளில் தூக்கிலிட்டபோது, சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அளிக்கும் தர்மமே அவர்களுக்குக் குற்றமாகத் தோன்றிவிட்டது. ஜூரிகளின் ஐயத்தைத் தீர்ப்பதற்கு இவர்கள் கண்ட புதிய சாட்சியம் என்ன?

சங்கத்தின் முத்திரையில் திறந்த விழியொன்று பொறிக்கப்பட்டிருந்தது. (இமையாமை தேவர்க்கு இலக்கணம் என்பது நம்மவர் கொள்கை, அவ்வணிகர்களும் அப்பதவிக்கே ஆசைப்பட்டனர் போலும்!) அவ்வாண்டிலேயே சங்கத்தின் வேலை முடிந்ததாக அறிவித்துக் கலைந்தவர்கள், ‘மக்கள் கட்சி’ என்ற பெயரில் தேர்தலுக்கு நின்று நகராட்சியைக் கைப்பற்றினார்கள்.