தம்பிரான் மாடுகளும் கம்பம் பள்ளத்தாக்கின் கன்னடச் சொற்களும்

தம்பிரான் மாடுகள் என்பவை தேனி மாவட்டம் கம்பத்தில் ஒக்கலிகர் (காப்பிலியர்) சமூகத்தார் தெய்வமாகப் போற்றி வளர்க்கும் மாட்டுக் கூட்டம். இவை இருக்குமிடம் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு. வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசும் இச்சமூகத்தின் மொழிக்கும் வரலாற்றுக்கும் இத்தொழு சிறந்த வாயில்.

வரலாறு

துங்கபத்திரைக் கரையிலிருந்து, உருமி முழக்கும் உருமிக்காரர்களுடன் முன்னோர் தெற்கே வந்தனர் என்பது இச்சமூகத்தின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் இது பதிவாகியுள்ளது. மாட்டுக் கூட்டத்தின் தலைமைக் காளையே பட்டத்துக்காளை. அந்த இடம் காலியானால், நல்ல நாளில் கரும்புக் கட்டு ஒன்றை வைத்துப் பூசை செய்வர். முதலில் அதை நெருங்கும் காளைக்குப் பட்டம் கட்டுவர். மாட்டுப் பொங்கலன்று சுற்றூர் மக்கள் தொழுவுக்குத் திரண்டு வந்து வழிபடுகின்றனர்.

சொற்கள்

இம்மாட்டுக் கூட்டத்தின் கன்னடப் பெயர் ‘தேவரு ஆவு’. இன்றைய கன்னடத்தில் பசுவைப் பெரும்பாலும் ‘ஹசு’ என்பர். ‘ஆவு’ பழஞ்சொல், தமிழின் ‘ஆ’வுக்கு உறவானது. வழிபாட்டுப் பெயரில் அது நிலைத்துவிட்டது. தமிழின் பால், புல், பூ ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹுல்லு, ஹூவு ஆகும். சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிவது கன்னடத்தின் இயல்பு. தமிழ் அறிந்த பிள்ளை இந்த ஒரு விதியைக் கொண்டே பல சொற்களை அடையாளம் காணலாம். இவ்விதிக்குள் வராத சொற்களைத் தனியே கற்க வேண்டும்: கன்று ‘கரு’, எருது ‘எத்து’, மோர் ‘மஜ்ஜிகெ’, நெய் ‘துப்ப’.

ஒப்பீடு

அலாஸ்காவின் கோடியாக் தீவிலுள்ள அலுத்தீக் அருங்காட்சியகம், அருகிவரும் அலுத்தீக் மொழியின் சொற்களை வாரம் ஒன்றாக, அச்சொல்லோடு தொடர்புடைய வேட்டை, உணவு, ஊர் வரலாற்றுக் குறிப்புடன் கற்பித்துவருகிறது. கம்பத்திலும் கன்னடச் சொற்களை இப்படிக் கற்பிக்கலாம்; அதற்கு வேண்டிய பொருள்கள் தொழுவிலேயே உள்ளன.

இன்றைய நிலை

கம்பம் பள்ளத்தாக்கின் மலைமாடுகள் மேகமலைக் காடுகளில் மேய்ந்து வளர்ந்தவை. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு என வரையறுத்தது. மேய்ச்சல் சுருங்கினால் மாட்டின் நிறம், கொம்பு, நோய், தீவனம் பற்றிய பேச்சும் அதிலுள்ள சொற்களும் சுருங்கும். மாடு மேய்ப்பவர்களிடமும் வீட்டு மூத்தவர்களிடமும் கேட்டு, வேலையோடும் சடங்கோடும் சேர்த்து இச்சொற்களைத் தொகுப்பது இந்தத் தலைமுறையின் கடமை.