கட்டிப் பரு
முகப்பரு வகைகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் அடைத்த மயிர்க்கால் தோலுக்கடியில் உடையும்போது சுற்றிலும் அழற்சி மூள்கிறது. தாடை, மார்பு, முதுகில் தொட்டாலே வலிக்கும் கட்டிகள் எழுகின்றன. முகம் கழுவாததால் வருவதல்ல இது. அப்படிப் பழிப்பது நோயாளிக்கு இழைக்கும் அநியாயம். பிதுக்கினால் அழற்சி ஆழத்தில் பரவிக் குழித்தழும்பு நிலைத்துவிடும். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் பருவை மோசமாக்கும்.

1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினோயின் இதற்கு மிக வலுவான மருந்து. எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும் இதைப் பொதுவாக 4 முதல் 6 மாதம் தருவார்கள். உதடு வறண்டு வெடிக்கும். கல்லீரல், ரத்தக் கொழுப்புப் பரிசோதனைகள் தேவை. கருவில் கடுமையான பிறவிக் குறைபாடுகளை உண்டாக்குவதால் கர்ப்பிணிகள் இதை உட்கொள்ளவே கூடாது. மருந்தை நிறுத்திய பின்னும் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.