முட்டிடிச்சான் பாறையும் ஈசாக்கின் துரவுகளும்



தக்கலைக்கு அருகே, உதயகிரிக் கோட்டையை ஒட்டியுள்ள புலியூர்க்குறிச்சியில், பாறையொன்றில் சிறு ஊற்று இருக்கிறது. அவ்விடத்திற்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். உங்களில் பலர் அங்கே சென்றிருப்பீர்கள். அந்தப் பெயரை என்றேனும் நின்று நிதானித்து வாசித்ததுண்டா?

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடைப்பட்ட நாட்களில் அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் நா வறண்ட அவர், ஜெபித்துத் தம் கைமுட்டால் பாறையை இடித்தார் என்றும், அங்கே நீர் சுரந்தது என்றும் மரபு சொல்லுகிறது. இன்றும் மக்கள் அந்நீரைப் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது அப்பெயரின் இலக்கணம். இடித்தார் அன்று, இடிச்சான். ஏட்டுத் தமிழன்று, வாய்த்தமிழ். மரியாதை விகுதியும் இல்லை, ஆளின் பெயரும் இல்லை. அரசனோ அதிகாரியோ சூட்டிய பெயராயின் இப்படி அமைந்திராது. விலங்கிடப்பட்ட ஒரு கைதியின் தாகத்தை ஊரார் தங்கள் பேச்சிலேயே பொதிந்து வைத்தார்கள். அவரைப் புனிதர் என்று ரோமாபுரியில் அறிவித்தது 2022 மே 15-இல். ஊர் வாய் அதற்கு வெகுகாலம் முன்பே அவரை நினைவில் வைத்துவிட்டது.

நியாயாதிபதிகள் 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாகத்தால் சாகும் நிலையில் சிம்சோன் கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறான். பள்ளம் பிளந்து தண்ணீர் வருகிறது. அந்த ஊற்றுக்கு எந்நக்கோரி என்று பெயர், கூப்பிட்டவனின் ஊற்று என்பது பொருள். எபிரெய மொழியில் ஊற்றுக்கும் கண்ணுக்கும் ஒரே சொல். எங்கேதி என்பதிலும் அச்சொல்லே முன்நிற்கிறது. வெள்ளாட்டுக்குட்டியின் ஊற்று என்பது அதன் பொருள். நமக்கு இதில் வியப்பில்லை. நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்லுகிறோம்! கிணறு தோண்டுகிறவர்கள் நீர் கண்டால், கண் திறந்துவிட்டது என்பார்கள். பாறை வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் எங்கே வெளிவர வழி காண்கிறதோ அங்கே ஊற்று. மழை பொய்த்தால் அந்தக் கண்ணும் மூடிக்கொள்ளும்.

நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களில் பாதி தண்ணீரில் நனைந்தவை என்றே சொல்லத் தோன்றுகிறது. புத்தேரி புதிய ஏரி. தேரேகால்புதூரில் உள்ள கால், வாய்க்கால். குழித்துறையின் துறை, தாமிரபரணிக்கு இறங்கும் இடம் (திருநெல்வேலியின் தாமிரபரணி வேறு, நம்முடையது வேறு). கோடு என்றால் வளைவு. பழையாறு வளைந்தோடும் இடம் கோட்டாறு என்பர். கணியாகுளம், இறச்சகுளம் என்று குளங்களின் வரிசை நீளும்.

ஆனால் இப்பெயர்கள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கின்றன. தண்ணீர் இருந்தது என்கின்றன. யார் குடித்தார் என்று சொல்லுவதில்லை. திருவிதாங்கூரில் பொதுக் கிணறுகளும் கோவில் குளங்களும் சாதியின் பெயரால் நம் முன்னோர் பலருக்கு அடைபட்டிருந்தன. கோவில் நுழைவுப் பிரகடனமே 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது. குளம் என்று பெயர் கொண்ட ஊரிலேயே குளத்தண்டை போகக் கூடாதவர்கள் வாழ்ந்தார்கள். யாக்கோபின் கிணற்றண்டையில் சமாரிய ஸ்திரீ கேட்ட கேள்வி அவர்களுக்கு விளக்கவுரை இல்லாமலே விளங்கியிருக்கும்.

இவ்வகையில் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம் நம் ஊர்ப்பெயர்களைவிட நேர்மையானது. கேராரின் மேய்ப்பர் வாக்குவாதம் பண்ணினபடியால், ஈசாக்கு ஒரு துரவுக்கு ஏசேக்கு என்று பெயரிட்டான், அதாவது சண்டை. அடுத்ததற்குச் சித்னா, பகை. மூன்றாவதற்கு ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத், விசாலமான இடம். வழக்கையும் விடாமல் பெயரில் எழுதி வைத்தான். அதற்கு முன்பு அவன் செய்த வேலையைத்தான் நாம் எளிதில் கடந்துபோகிறோம். தகப்பனாகிய ஆபிரகாமின் நாட்களில் வெட்டப்பட்டு, பெலிஸ்தரால் மண்ணிட்டு மூடப்பட்ட துரவுகளை அவன் மறுபடியும் தோண்டினான். தகப்பன் இட்டிருந்த பெயர்களையே அவைகளுக்கு இட்டான். தோண்டுதல் முந்தியது, பெயரிடுதல் பிந்தியது. நம்மிடமோ பெயர்கள் பத்திரமாய் இருக்கின்றன. பேருந்தின் முகப்பிலும் ரேஷன் அட்டையிலும் குளங்கள் இருக்கின்றன. மண்ணிட்டு மூடியவர்களைத் தேடப் பெலிஸ்தியா வரை போகவேண்டியதில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களண்டையில் அமர்ந்து, நம் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த குளத்துக்கும் ஓடைக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்றிருந்தது என்பதையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, இடிச்சானை இடித்தார் என்று திருத்தாமல், எழுதி எனக்கு அனுப்புங்கள்.