சிப்பின் ஓரத்தில் இரண்டு எழுத்து

மைக்ரோப்ராசசரைக் கண்டுபிடித்தவர் யார்? இந்த ஒரு மார்க் கேள்விக்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில், டெட் ஹாஃப். பி.இ. முடித்து, வேலைக்குப் போய், பல வருஷம் கழித்துத்தான் இன்டெல் 4004 சிப்பின் பெரிதாக்கிய படம் ஒன்றை நிதானமாகப் பார்த்தேன். ஓரத்தில், சர்க்யூட்டோடு சேர்த்தே பொறித்த இரண்டு ஆங்கில எழுத்துகள்: எஃப்.எஃப். ஹாஃபின் முழுப்பெயர் மார்சியன் எட்வர்ட் ஹாஃப். அவர் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு எஃப்-இல் முடிகிறது என்பது உண்மைதான், ஆனால் யாரும் அப்படி இனிஷியல் போடுவதில்லை.

அது ஃபெடரிகோ ஃபாகின் என்ற இத்தாலியர் போட்ட கையெழுத்து. ஓவியர் படத்தின் மூலையில் போடுவதுபோல, தான் செய்த சிப்பில் அவரே போட்டுக்கொண்டது. பின்னாளில் அவருக்கு அது எவ்வளவு தேவைப்படும் என்று அப்போது நினைத்திருப்பாரா, தெரியவில்லை.

ஃபாகின் 1941-இல் விச்சென்சாவில் பிறந்தவர். 19 வயதிலேயே ஒலிவெட்டியில் சேர்ந்து, ஒரு சிறிய சோதனைக் கம்ப்யூட்டரைக் கட்டியிருக்கிறார். அதன்பிறகுதான் கல்லூரி. பாதுவா பல்கலைக்கழகத்தில் இயற்பியல், 1965-இல் பட்டம். 1968-இல் கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்ட் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

அப்போது மாஸ் டிரான்சிஸ்டரின் கேட் அலுமினியத்தில் இருக்கும். முதலில் சோர்ஸ், டிரெயின் இரண்டையும் அமைத்துவிட்டு, அதன்மேல் அலுமினியத்தைச் சரியாகப் பொருந்தும்படி வைக்க வேண்டும். துல்லியமாகப் பொருந்தாது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலே ஏறும்படி பெரிதாக வைப்பார்கள். அந்த உபரிப் பகுதி டிரான்சிஸ்டரை மெதுவாக்கும், இடத்தையும் தின்னும். சிலிக்கன் கேட் முறையில் வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறோம். கேட்டை முதலில் வைத்துவிட்டு, அதையே மறைப்பாகப் பயன்படுத்தி சோர்ஸையும் டிரெயினையும் அமைக்கிறோம். சுவரில் டேப் ஒட்டிவிட்டு பெயின்ட் அடித்தால் டேப்பின் விளிம்பு வரை கச்சிதமாக வருமே, அதுமாதிரி. தானாகவே பொருந்திவிடும்.

இந்த யோசனை ஃபாகினுடையது அல்ல. பெல் லேப்ஸில் ஏற்கெனவே தனி டிரான்சிஸ்டர்களில் செய்து காட்டியிருந்தார்கள். நம்பகமான ஐ.சி.யாகத் தயாரிக்கும் அளவுக்கு அதை முழு செய்முறையாக்கியது ஃபாகின். 3708 என்ற சிப் அந்த முறையில் விற்பனைக்கு வந்த முதல் ஐ.சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இதற்கிடையே ஃபேர்சைல்டை விட்டு வெளியேறிய நாய்ஸும் மூரும் 1968-இல் இன்டெலைத் தொடங்கி, அதே சிலிக்கன் கேட் முறையில் மெமரி சிப் செய்துகொண்டிருந்தார்கள். பிசிகாம் என்ற ஜப்பானிய கால்குலேட்டர் கம்பெனி, பலவகைத் தனிச் சிப்கள் கொண்ட ஒரு டிசைனோடு அவர்களிடம் வந்தது. 'இத்தனை சிப் எதற்கு, ப்ரோக்ராம் போட்டு இயக்கும் ஒரு பொதுவான சி.பி.யு. போதுமே' என்று 1969-இல் சொன்னவர் டெட் ஹாஃப். ஸ்டான் மேசர் கூட உழைத்தார். அருமையான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் இருவருமே சிப் டிசைனர்கள் இல்லை. யோசனை காகிதத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது.

1970 ஏப்ரலில் ஃபாகின் இன்டெலில் சேர்கிறார். சில நாட்களில் பிசிகாமிலிருந்து மசதோஷி ஷிமா வந்து இறங்குகிறார், டிசைனைச் சரிபார்த்துவிட்டுப் போக. சரிபார்க்க ஒன்றுமே இல்லை! ஷிமாவுக்குக் கோபமான கோபம். வாடிக்கையாளர் வந்து டெமோ கேட்கும் நாளில் கோட் எழுதவே ஆரம்பிக்காத டீமில் புதிதாகச் சேர்ந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு அது கற்பனை அல்ல.

ஷிமா அங்கேயே தங்கி உதவினார். நான்கு சிப்: 4001 ராம் அல்ல, ரோம், 4002 ராம், 4003 ஷிஃப்ட் ரெஜிஸ்டர், 4004 சி.பி.யு. கம்ப்யூட்டர் வைத்து சிப் வரையும் காலம் இல்லை அது. லேஅவுட்டைக் கையால் பெரிதாக வரைந்து, சிவப்பு ரூபிலித் தாளில் வெட்டி, போட்டோ எடுத்துச் சுருக்கித்தான் மாஸ்க் செய்ய வேண்டும். 4004-இல் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் இப்படி வந்ததுதான்.

1970 கடைசியில் 4004-இன் முதல் வேஃபர்கள் வந்தன. எதுவுமே வேலை செய்யவில்லை. ஒரு சிக்னல்கூட இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது, தயாரிப்பில் ஒரு மாஸ்க்கையே விட்டுவிட்டார்கள். டிசைனில் தப்பில்லை. 1971 ஜனவரியில் அடுத்த வேஃபர்கள் வந்தன. ஃபாகின் தனியாக லேபில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் சோதித்தார். வேலை செய்தது. வீட்டுக்குப் போனபோது மனைவி எல்வியா தூங்காமல் காத்திருந்தாராம். இந்த எல்வியா கதையில் மறுபடியும் வருவார்.

சிப் பிசிகாமுக்கு மட்டும்தான் என்பது ஒப்பந்தம். இதை வெளியிலும் விற்கலாம் என்று உள்ளே விடாமல் வாதாடியவர்களில் ஃபாகின் முக்கியமானவர். 4004-ஐ வைத்தே ஒரு டெஸ்டர் செய்து, கால்குலேட்டருக்கு வெளியேயும் இது உதவும் என்று காட்டினார். பிசிகாம் விலைக் குறைப்பு கேட்டு வந்தபோது பதிலுக்கு உரிமையை வாங்கிக்கொண்டது இன்டெல். 1971 நவம்பரில் 4004 சந்தைக்கு வந்தது. அப்புறம் 8008, அதன்பின் 1974-இல் 8080.

8080-இன் பங்காளியைத்தான் நம்மூர் இன்ஜினியரிங் மாணவர்களுக்குத் தெரியும். லேபில் 8085 கிட்டில் ப்ரோக்ராமின் கடைசி வரியாக 76 என்று தட்டுவோமே, ஹெச்.எல்.டி.? அந்த 76 அப்படியே 8080-இலிருந்து வந்தது. 1976-இல் வந்த இசட்80-இலும் ஹால்ட் கட்டளைக்கு அதே 76. ஏனென்றால் இசட்80-ஐச் செய்ததும் ஃபாகினும் ஷிமாவும்தான், இன்டெலுக்கு வெளியே.

1974 கடைசியில் ஃபாகின் இன்டெலை விட்டு விலகி, ரால்ஃப் அங்கர்மானுடன் ஜைலாக் தொடங்கினார். ஷிமாவும் பின்னாலேயே வந்தார். 8080-க்கு எழுதிய ப்ரோக்ராம் இசட்80-இல் ஓடும், ஆனால் மூன்று வகை வோல்டேஜ் வேண்டாம், ஒற்றை 5 வோல்ட் போதும். டிராம் ரெஃப்ரெஷையும் சிப்பே பார்த்துக்கொள்ளும். டி.ஆர்.எஸ்-80, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், பேக்-மேன் ஆர்கேட் மெஷின் எல்லாவற்றிலும் இதுதான். காப்பி அடிப்பவர்களை ஏமாற்ற, மைக்ராஸ்கோப்பில் ஒன்றாகவும் நிஜத்தில் வேறாகவும் இருக்கும் பொறி டிரான்சிஸ்டர்களைக்கூட உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார் ஷிமா. இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் வெளியேறியதற்கு விலை இருந்தது. இன்டெல் சொன்ன வரலாற்றில் 4004 ஹாஃபின் கண்டுபிடிப்பாகச் சுருங்கியது, ஃபாகின் பெயர் மெல்ல மறைந்தது. ஃபேர்சைல்டில் தான் உருவாக்கிய ஓர் இணைப்பு முறைக்கு இன்டெலில் மேலதிகாரியின் பெயரில் பேட்டன்ட் எடுத்துவிட்டார்கள் என்றும் ஃபாகின் சொல்லியிருக்கிறார். ஆவணங்களோடு வருஷக்கணக்காக எழுதி, வாதாடி அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்ததில் எல்வியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிப்பின் மூலையில் இருந்த இரண்டு எழுத்தை யாராலும் அழிக்க முடியாதது வேறு விஷயம்.

1997 கியோட்டோ பரிசு நான்கு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது: ஃபாகின், ஹாஃப், மேசர், ஷிமா. 2010-இல் ஒபாமா கையால் அமெரிக்கத் தேசியப் பதக்கம் வாங்கியவர்கள் முதல் மூவர். ஷிமா அதில் இல்லை. சரிபார்க்க வந்து மாதக்கணக்கில் லாஜிக் வரைந்தவர்!

நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். சிலிக்கன் கேட்டில் யோசனை வேறொருவருடையது, செய்து முடித்தது ஃபாகின். 4004-இலும் அதேதான். யோசனை சொன்னவரே கண்டுபிடித்தவர் என்றால் ஃபாகின் இரண்டு இடத்திலும் தோற்பார். செய்தவரே என்றால் இரண்டிலும் ஜெயிப்பார். ஓரிடத்தில் ஓர் அளவுகோல், மற்ற இடத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. நான் செய்தவர் பக்கம். ப்ரோக்ராம் எழுதிச் சாப்பிடுகிறவனுக்கு அந்தச் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

ஃபாகின் 1986-இல் கார்வர் மீடுடன் சினாப்டிக்ஸ் தொடங்கினார். லேப்டாப் டச்பேட் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அது. பிற்காலத்தில் பிரக்ஞை பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அங்கே என்னால் அவரைப் பின்தொடர முடியவில்லை.

தனிச் சிப்பாக விற்றுவந்த இசட்80-க்கு இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று ஜைலாக் 2024-இல்தான் அறிவித்தது. 48 வருஷம் விற்றிருக்கிறது.