துணியும் டயப்பரும்: உழைப்பு யாருடையது?

பிள்ளை பிறந்த வீட்டுக்குள் எத்தனையோ பொருள்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் பாதி, பிள்ளை குப்புற விழுவதற்குள் பரணுக்குப் போய்விடும். பெற்றவர்களின் நாளைத் தாங்கிப் பிடிப்பவை மிகச் சிலவே. என் கணக்கில் முதல் இரண்டு இடங்கள் இடுப்பில் கட்டும் பருத்தித் துணிக்கும், ஒருமுறை போட்டுக் கழற்றும் டயப்பருக்கும்தான்.

பல வீடுகளில் இந்த இரண்டையும் வைத்து ஒரு வழக்கு நடக்கிறது. "சும்மா டயப்பரையே போட்டுவச்சா பிள்ளைக்குப் புண்ணாயிடும்" என்பார் ஊரிலிருந்து உதவிக்கு வந்த அம்மா. "ராத்திரி நாலு தடவை யாரும்மா எழுந்து துணி மாத்துறது?" என்பாள் மகள். இருவர் சொல்வதும் உண்மை. எனவே எது நல்லது, எது கெட்டது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுத முடியாது. தோல், உழைப்பு, காசு, நீர், குப்பை, பழக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. இரண்டுமே ஒருவருடைய உழைப்பைக் கேட்கின்றன. துணி கேட்கும் உழைப்பு வீட்டுக்குள் நம் கண்முன் நடக்கிறது. டயப்பர் கேட்கும் உழைப்பு தெருமுனைக் குப்பைத்தொட்டியைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது.

பிறந்த கதை

துணியின் கதை எளிது. தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் புடவை, இவற்றைக் கிழித்து ஓரம் மடித்து வைப்பார்கள். பழசைத் தேடுவதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். ஈரத்தை உடனே இழுக்காது. பல ஆண்டுகள் துவைத்த பருத்தி மெத்தென்று இருக்கும், பட்டவுடன் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் சீக்கிரம் காயும். சதுரத்தை முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சிட்டால் போதும். அடியில் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு விரிப்பு. கயிறு வைத்துத் தைத்த நாப்கின்கள் கடைக்கு வந்தது இதன் தொடர்ச்சிதான்.

டயப்பரும் ஒரு தாயின் அலுப்பிலிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற பெண், ஈரமான துணியையும் படுக்கை விரிப்பையும் மாற்றி மாற்றிச் சலித்து, 1946இல் குளியலறைத் திரையை வெட்டித் துணிக்கு மேலே போடும் நீர்புகா உறை ஒன்றைத் தைத்தார். அதற்கு 1951இல் காப்புரிமை பெற்றார். அடுத்து, தூக்கி எறியக்கூடிய காகித டயப்பரை அவர் முன்மொழிந்தபோது உற்பத்தியாளர்கள் அக்கறை காட்டவில்லை. பிறகு பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் வேதிப் பொறியாளராக இருந்த விக்டர் மில்ஸ், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தோடு அந்த எண்ணத்தைக் கையில் எடுத்தார். 1961இல் பாம்பர்ஸ் சந்தைக்கு வந்தது.

இன்றைய டயப்பருக்கு உயிர் கொடுத்தது அதற்குப் பின் வந்த ஒரு பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் அந்தப் பொடி, தூய நீரென்றால் தன் எடையைப்போலப் பல நூறு மடங்கை இழுத்துக் கூழாக்கிவிடும். உப்பு கலந்த சிறுநீரென்றால் அது சில பத்து மடங்காகக் குறையும். அப்படியும் ஓர் இரவைத் தாங்க அது போதும். 1980களில் இந்தப் பொடி டயப்பருக்குள் நுழைந்ததும், தலையணைபோல் தடித்திருந்த டயப்பர் மெலிந்தது.

தோலுக்கு எது நல்லது?

டயப்பர் போட்டால் புண் வரும் என்ற அச்சத்துக்குப் பின்னால் உண்மையான உடலியல் ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஊறி மென்மையாகிறது. மலத்தில் உள்ள நொதிகளும் கிருமிகளும் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அதனால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைந்து, மலத்தில் இருக்கும் பிற நொதிகள் இன்னும் தீவிரமாக வேலை செய்கின்றன. தோல் சிவந்து எரிகிறது. மடிப்புகளில் பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் பரவும்.

இந்தப் பாதை துணிக்கும் டயப்பருக்கும் பொது. ஈரத்தைத் தோலிலிருந்து பிரித்து வைப்பதில், உறிஞ்சும் பொடி கொண்ட டயப்பர் துணியைவிடத் திறமையானது. ஆனால் அந்தத் திறமையே பெற்றோரின் கவனத்தைத் தளர்த்திவிடுகிறது. துணி நனைந்தால் குழந்தை சிணுங்கும், மடியும் நனையும், உடனே மாற்றிவிடுவோம். டயப்பர் நனைந்தாலும் வெளியே காட்டாது. "இன்னும் நிறையலையே" என்று ஆறேழு மணி நேரம் விட்டுவிடுவது எளிது. மலம் கழித்த டயப்பர் அரைமணி நேரம் இருந்தாலும் பச்சைக் குழந்தையின் தோலுக்கு அது அதிகம். ஆகவே தோல் விஷயத்தில் பொருளைவிட மாற்றும் இடைவெளிதான் முக்கியம். எதைக் கட்டினாலும் கழற்றிய பின் வெறும் நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். நம் வெக்கையில் இந்தக் கடைசிப் பழக்கம் பாதி மருந்துக்குச் சமம்.

யார் துவைப்பது?

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு துணி சாதாரணமாக ஆகும். ஒவ்வொன்றையும் அலசி, மலம் இருந்தால் கழிப்பறையில் கொட்டி, சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்பு துளியும் தங்காமல் மறுபடி அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்கடியில் உலர்த்தி, கடைசி ஈரம் போக இஸ்திரி போட வேண்டும்.

இந்த வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலான வீடுகளில், தையல் ஆறாத பெற்றவள் தலையில். இல்லையென்றால் மூட்டுவலியோடு வந்த பாட்டி தலையில். "அந்தக் காலத்தில் நாங்கள் டயப்பரா போட்டோம்?" என்ற கேள்விக்குள் அந்தக் காலத்துப் பெண்களின் கைகள் இருக்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வேலையை இரண்டு பேர் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒருத்தி மட்டும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. துணியின் பெருமையைப் பேசும் ஆண், முதலில் அந்த வாளியைத் தூக்க வேண்டும். அப்பா துவைக்கும் வீட்டில் துணி நல்ல முடிவு. அம்மா மட்டுமே துவைத்தாக வேண்டிய வீட்டில் டயப்பரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காசுக் கணக்கு

நாளுக்கு ஆறு டயப்பர், இரண்டரை ஆண்டு என்று வைத்தால் 5,475 டயப்பர் ஆகும். ஒன்று பத்து ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஐம்பத்து நான்காயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இரவுக்கு ஒன்று மட்டும் என்றால் அதே காலத்துக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம். பழைய வேட்டிக்கு விலை கிடையாது. சோப்பு, தண்ணீர், மின்சாரத்துக்கு மட்டும் செலவு. நீர்புகா வெளியுறையும் உள்ளே செருகும் உறிஞ்சுபட்டையும் கொண்ட இக்காலத் துணி டயப்பர்களை வாங்கினால் தொடக்கத்தில் சில ஆயிரங்கள் போகும். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் அவை உதவும். காசில் துணி வெல்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தக் கணக்கில் துவைப்பவரின் நேரத்துக்கு விலை போடப்படவில்லை என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

நீர், வெயில், கரி

துணி தண்ணீர் குடிக்கும், டயப்பர் குப்பையாகும். சுற்றுச்சூழல் என்று வரும்போது எது பெரிய சுமை? இதைத் தீர அளந்து பார்த்த நாடு இங்கிலாந்து. அங்குச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுக்கு டயப்பரால் ஏறத்தாழ 550 கிலோவும், சராசரி முறையில் துவைத்த துணியால் 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு ஈடான தாக்கம் ஏற்படுகிறது என்றது. துணி தோற்றுவிட்டதாகப் பலர் அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆய்வின் அடுத்த பக்கங்கள்தான் நமக்கு முக்கியம். இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் தாக்கம் 40 சதவீதம் குறைகிறது. எப்போதும் மின்உலர்த்தியில் போட்டால் 43 சதவீதம் கூடுகிறது. 2023இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட புதிய ஆய்வில், துணியின் புவி வெப்ப விளைவு டயப்பருடையதைவிட 25 சதவீதம் குறைவு என்று வந்தது.

இங்கிலாந்தில் வெயில் ஓர் அரிய விருந்தாளி. நம் மொட்டைமாடியில் ஆண்டின் பெரும்பகுதி அது இலவசம். வெந்நீர் இல்லாமல் கையால் துவைத்து, கொடியில் காயவைத்து, அக்காள் பிள்ளையிடமிருந்து தங்கை பிள்ளைக்குக் கைமாறும் துணி, அந்த ஆய்வுகள் பரிந்துரைத்த எல்லாவற்றையும் யாரும் சொல்லாமலே செய்து வந்திருக்கிறது.

ஆனால் தண்ணீர்? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. குடம் வைத்து லாரிக்காகக் காத்திருந்த தாயிடம் துணியின் சிறப்பைப் பேச முடியாது. தண்ணீர் இல்லாத இடத்தில் அரைகுறையாக அலசிய துணி, சோப்புக் காரமும் கிருமியும் தங்கி, குழந்தையின் தோலுக்கே பகையாகும். துணி வெல்வது வெயிலும் நீரும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான்.

தொட்டியைத் தாண்டிய பிறகு

டயப்பரின் மேலுறையும் அடியுறையும் நெகிழி. நடுவில் மரக்கூழும் அந்தப் பொடியும். இவை பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் மக்கும் குப்பையிலும் சேராது, மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தயாரிப்பாளர் தரும் பையிலோ தகுந்த உறையிலோ பத்திரமாகச் சுற்றி உலர்குப்பைத் தொட்டியில் இட வேண்டும் என்றன. நடப்பில், காய்கறித் தோலோடும் மீந்த சோற்றோடும் அது ஒரே கறுப்புப் பையில் போகிறது. அதைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. பல இடங்களில் அந்தக் கையில் உறைகூட இருப்பதில்லை.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை நாடு 2013இல் இயற்றியது. அந்தச் சட்டம் டயப்பரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மலத்தோடு சுருட்டி எறிந்த டயப்பரைப் பிரிப்பவருக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலையும் தராது. வீட்டுக்குள் பெற்றவள் தொடத் தயங்கியதை வெளியே இன்னொரு தாய் தொடுகிறாள். இதை நினைக்கும்போது, மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டுச் சுற்றித் தனியே கொடுக்கும் அந்த அரை நிமிடம் நம் கடமை என்று படுகிறது. வசதி என்று நாம் வாங்கியது, பாதி விலையை இன்னொருவரைக் கொடுக்க வைப்பதாக இருக்கக் கூடாது.

பழக்கம்

துணி கட்டும் வீட்டில் பிள்ளை நனைந்ததை அந்தக் கணமே உணர்கிறது. அம்மாவும் அதன் நேரத்தைக் கற்றுக்கொள்கிறாள். தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும், கால்நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் பிள்ளையை அமர்த்தி "ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பும் பழக்கம் இதோடு பிறந்தது. நாள் முழுதும் டயப்பரில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குறிப்பு தாமதமாகவே பிடிபடுகிறது. மறுபக்கம், பேருந்தில் மதுரைக்குப் போகும்போதும், தடுப்பூசிக்கு மருத்துவமனையில் காத்திருக்கும்போதும், இரவில் குழந்தை தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கும்போதும் டயப்பர் தரும் நிம்மதியைத் துணியால் தர முடியாது. தாய்க்குக் கிடைக்கும் தூக்கமும் குழந்தை நலத்தில் சேர்ந்ததுதான்.

எங்கே எது?

பகலில், வீட்டில், வெயில் இருக்கும் மாதங்களில் துணி. இரவிலும் பயணத்திலும் அடைமழையிலும் தண்ணீர் தட்டுப்பாட்டிலும் டயப்பர். ஆறு டயப்பர் ஒன்றாகக் குறைந்தால் காசும் மிஞ்சும், குப்பையும் ஆறில் ஒன்றாகும், தோலுக்கும் காற்றுக் கிடைக்கும். இந்தப் பங்கீட்டோடு இரண்டு நிபந்தனைகளையும் நான் சேர்க்கிறேன். துணியைத் துவைப்பதில் அப்பாவுக்குச் சரிபாதி. டயப்பரைச் சுற்றிக் கொடுப்பதில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொறுப்பு. குழந்தைக்கு எதைக் கட்டுவது என்று பேசும் வீடு, அதைக் கழற்றிய பிறகு யார் கையில் போகிறது என்பதையும் அதே பேச்சில் முடிவு செய்ய வேண்டும்.