காஞ்சனபுரி – நாம் தோக் ரயில்: தோட்டத் தமிழர்கள் போட்ட தண்டவாளத்தில் ஒரு நாள்

பாடாங் செராய் வட்டாரக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் ஹட்யாய் வரை போய் வருவது வழக்கம். இன்னும் வடக்கே, தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை, ஆற்றையும் மலையையும் ஒட்டி ஓடும் அழகான ரயில் பாதை ஒன்று உண்டு. நம் தாத்தா பாட்டிகள் 'சயாம் மரண ரயில்' என்று சொன்ன பாதையில் இன்றும் ரயில் ஓடும் ஒரு பகுதி அது.

எப்படிப் போவது?

சுங்கை பட்டாணியில் ரயில் ஏறி பாடாங் பெசார் சென்றால், அங்கிருந்து பேங்காக் செல்லும் ரயில் கிடைக்கும். நக்கோன் பாத்தோமில் இறங்கி நாம் தோக் ரயிலுக்கு மாறலாம். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. பயண நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வழியில் காண்பவை

ரயிலில் குளிர்சாதனம் கிடையாது. சன்னல்கள் திறந்தே இருக்கும். காஞ்சனபுரியில் ஏறுவோர் இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும். முதலில் வருவது குவாய் ஆற்று இரும்புப் பாலம். பிறகு மரவள்ளித் தோட்டங்களும் கரும்புக் காடும். தாம் கிராசேயில் மரக்கால்கள் மேல் அமைந்த பாலம், ஒருபுறம் பாறை, மறுபுறம் ஆறு என நீள்கிறது. அங்கே ரயில் ஊர்ந்துதான் போகும். நாம் தோக் சேர சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து சாலை வழியே சென்றால், பாறையைக் குடைந்த 'ஹெல்ஃபயர்' கணவாயையும் 1998-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

யார் போட்ட பாதை?

பர்மாவுக்குப் படைகளையும் தளவாடங்களையும் அனுப்ப ஜப்பானியர் 1942-இல் இந்த வேலையைத் தொடங்கினர். பான் போங் வட்டாரத்திலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன.

மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது தோட்டங்களில் புகுந்து பிடித்துப் போனார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள். மலேரியாவிலும் வாந்திபேதியிலும் முகாம் முகாமாக மாண்டார்கள்.

பெயருள்ள கல்லறையும் பெயரில்லாத கல்லறையும்

காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களுக்கு இராணுவப் பதிவேடு இருந்தது. ஆசியத் தொழிலாளர்களில் பல பத்தாயிரம் பேர் இறந்தும், அவர்களுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. போர்க்கல்லறைக்கு அருகிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் ஆலய வளாகத்தில் அத்தொழிலாளர்களின் எச்சங்கள் புதைந்துள்ளன. பயணத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி அங்கும் ஒரு மாலை வைத்து வரலாம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்துவிட்டுப் போனால் சன்னலுக்கு வெளியே தெரிவது விளங்கும். அதற்கும் முன்பாக, வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? கிடைக்கும் பெயரை எழுதி வைக்க வேண்டும். கல்லில் இல்லாத பெயர்கள் இனி அப்படித்தான் நிலைக்கும்.