ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைகிறதா? கப்சாய் கிளட்ச்சை அறிந்துகொள்வோம்

விடியற்காலைப் பெரட்டுக்குப் போவதில் தொடங்கி, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவது, மாலையில் சிரம்பானுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது வரை, நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பலருக்கும் மோட்டார் சைக்கிள்தான் துணை. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு கப்சாயைப் பார்க்கலாம். அது ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வேலையும் போய்விடும்.

வண்டியை இப்படி நிறுத்திவிடும் பாகங்களில் கிளட்ச் முக்கியமானது. பெரும்பாலும் அது முன்கூட்டியே எச்சரிக்கை தரும். அதைப் புரிந்துகொண்டால் வழியில் தவிக்கவும் வேண்டாம், தேவையில்லாத பழுதுக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

கிளட்ச் செய்யும் வேலை

எஞ்சினின் சக்தியைக் கியருக்கு அனுப்புவதும், வேண்டும்போது துண்டிப்பதும் கிளட்ச்சின் வேலை. உராய்வுப் பூச்சுள்ள தட்டுகளும் இரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை சக்கரத்துக்குச் சக்தி போகும். பிடி தளர்ந்தால் சக்தி துண்டிக்கப்படும். இவை எல்லாம் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குகின்றன.

ஒய்15 போன்ற வண்டிகளில் கைப்பிடியை அழுத்தி இதைச் செய்கிறோம். கப்சாயில் கைப்பிடி கிடையாது. 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தாங்கியபடியே ஓட்டக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. நம் இஎக்ஸ்5-உம் அந்தக் குடும்பத்து வண்டிதான்.

இஎக்ஸ்5, வேவ் போன்றவற்றில் இரண்டு கிளட்ச்சுகள் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வெளிப்பக்கம் விரிந்து பிடித்துக்கொள்ளும் 'ஷூ' ஒன்று. கியர் பெடலை மிதிக்கும்போது விடுபடும் தட்டுக் கிளட்ச் இன்னொன்று. கியரில் இருந்தபடியே வண்டியை நிறுத்தினாலும் எஞ்சின் அணையாமல் இருப்பதற்கு அந்த ஷூதான் காரணம்.

தேய்வது எதனால்?

முழுமையாகப் பிடித்திருக்கும் கிளட்ச் அதிகம் தேயாது. பாதி பிடித்து, பாதி வழுக்கும்போதுதான் சூடேறித் தேய்கிறது. நாம் பழக்கத்தில் செய்யும் சில தவறுகள் இதற்குக் காரணமாகின்றன:

* ஓட்டும்போது கியர் பெடல் மேலேயே காலை வைத்திருப்பது.
* இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே வண்டியைக் கிளப்புவது.
* மேட்டில் பிரேக் பிடிக்காமல், முறுக்கிய நிலையிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது.
* பாரம் ஏற்றிக்கொண்டு புக்கிட் புத்தூஸ் போன்ற ஏற்றங்களில் கியரைக் குறைக்காமல் முறுக்குவது.
* கார் எண்ணெயை ஊற்றுவது. அதில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருந்தால் கிளட்ச் வழுக்கும். போத்தலில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பி' ஸ்கூட்டர்களுக்கானது.

கண்டுபிடிப்பது எப்படி?

சமமான, வாகனம் குறைந்த சாலையில் மேல் கியரில் சீராக ஓட்டிக்கொண்டே சற்று வேகமாக முறுக்குங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரைச்சலும் ஏறாமல், வேகமும் ஏறாமல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில். காற்று வடிகட்டி, கார்புரேட்டர் போன்றவற்றை முதலில் பார்க்க வேண்டும். கியர் போடும்போது வண்டி உதறினாலோ, நியூட்ரல் கிடைக்கச் சிரமமாக இருந்தாலோ கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள்.

பட்டறைக்குப் போகும் முன்

உடனே தட்டு மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் சரிப்படுத்திப் பார்க்க வேண்டும். கப்சாயில் எஞ்சினின் வலப்பக்க மூடியில் பூட்டு நட்டுடன் ஒரு திருகு இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். லேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்தி, வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு திருப்பி நட்டை இறுக்க வேண்டும். கைக் கிளட்ச் வண்டியில் கைப்பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக அசைய வேண்டும்.

அப்படியும் சரியாகாவிட்டால் சரியான எண்ணெய்க்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் கேட்காவிட்டால்தான் தட்டு. மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்த வேண்டும்.

பழைய தட்டுகளைக் காட்டும்படி கேளுங்கள். கருகிய வாடையும், இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்த நிறமும் இருந்தால் அது சூட்டில் வெந்த கிளட்ச். அப்படி இல்லையென்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. பணம் நம்முடையது.